தன் இதயத்துக்குள் தானே குழாய் விட்ட டாக்டர்: யார் இந்த வெர்னர் ஃபோர்ஸ்மான்?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் யாருக்காவது உடம்பு ரொம்ப மோசமானால், 108-ல் ஏற்றித் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ கொண்டுபோவது வழக்கம். ஐசியூ வாசலில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். உள்ளேயிருந்து வரும் டாக்டர், பிரஷர் பரவாயில்லை என்பார். அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் நிலைமை சீரியஸ்தான், இதயம் தேவையான அளவுக்கு ரத்தத்தைத் தள்ளவில்லை என்பார். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். பிரஷர் நன்றாக இருந்தால் இதயமும் நன்றாகத்தானே வேலை செய்ய வேண்டும்? இதயம் எவ்வளவு தள்ளுகிறது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கான பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையோடு பின்னிக்கிடக்கிறது. 1929-ல் ஜெர்மனியின் ஒரு சிறு நகர ஆஸ்பத்திரியில், 25 வயதுகூட நிரம்பாத டாக்டர் ஒருவர் தன் கை நரம்பு வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே ஒரு குழாயைச் செலுத்தினார். அவர் பெயர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 27 ஆண்டுகள் கழித்து அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு நேர்ந்ததும், அவர் செய்த தவறும், அவர் திறந்த வழியில் மருத்துவம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

பிரஷர் வேற, பாய்ச்சல் வேற

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பம்புசெட் வைத்திருக்கிற எந்தச் சம்சாரிக்கும் இது தெரிந்ததுதான். மோட்டார் ஓடும்போது ஓஸ் வாயை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வேகம் கூடின மாதிரி இருக்கும். ஆனால் பாத்தியில் விழுகிற தண்ணீர் குறைந்துபோயிருக்கும். வேகத்தை மட்டும் பார்த்து வயல் நனைந்துவிடும் என்று நம்பினால் பயிர் வாடும்.

உடம்பும் இதே வேலையைச் செய்கிறது. இதயம் பலவீனமாகும்போதோ ரத்தம் குறையும்போதோ, கை கால்களிலும் தோலிலும் உள்ள ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். அதனால் பிரஷர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மானிட்டரில் 110 என்று காட்டும். ஆனால் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் அதற்குள் குறைந்திருக்கும்.

ஆக, பார்க்க வேண்டிய எண் இன்னொன்று. இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர். ஓய்வில் இருக்கிற ஆரோக்கியமான மனிதருக்கு இதுதான் கணக்கு. கடுமையான மாரடைப்பில் இது பாதியாகக்கூட விழலாம்.

லாரிக் கணக்கு

சரி, உயிருள்ள மனிதரின் உடம்புக்குள் ஓடுகிற ரத்தத்தை எப்படி அளப்பது? அதற்கு 1870-ல் வழி சொன்னவர் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். அவர் சொன்னதைக் கோவில்பட்டிக் கணக்கில் சொல்லலாம்.

ஒரு கம்பெனியிலிருந்து தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு லாரிகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு லாரியிலும் 200 பண்டல். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொன்றிலும் 150 பண்டல் மிச்சம் இருக்கிறது. அப்படியென்றால் லாரிக்கு 50 பண்டல் இறங்கியிருக்கிறது. மொத்தம் 250 பண்டல் விற்றிருக்கிறது என்று கணக்குப்பிள்ளை சொல்கிறார். எத்தனை லாரி போயிருக்கும்? ஐந்து. லாரிகளை எண்ணவே வேண்டியதில்லை.

ரத்தம்தான் லாரி, ஆக்சிஜன்தான் பண்டல். ஒரு நிமிடத்தில் உடம்பு சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. இதயத்திலிருந்து கிளம்புகிற ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 200 மில்லியும், திரும்பி வருகிற ஒரு லிட்டரில் சுமார் 150 மில்லியும் ஆக்சிஜன் இருக்கும். வித்தியாசம் 50. எனவே நிமிடத்துக்கு 5 லிட்டர்.

கணக்கு சுலபம். சிக்கல் வேறு இடத்தில். மூளையிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு அளவும், சிறுநீரகத்திலிருந்து வரும் ரத்தத்தில் வேறு அளவும் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். எல்லாம் ஒன்றாகக் கலக்கிற இடம் இதயத்தின் வலது பக்கம். அங்கிருந்து ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். உயிரோடு இருக்கிற மனிதரின் இதயத்துக்குள் போய் யார் ரத்தம் எடுப்பது? குதிரையில் செய்திருந்தார்கள். மனிதரில் செய்தால் இதயம் நின்றுவிடும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஃபிக்கின் கணக்கு பல பத்தாண்டுகள் மனிதரிடம் பயன்படாமலே கிடந்தது.

பெர்லினில் வளர்ந்த ஒற்றைப் பிள்ளை

ஃபோர்ஸ்மான் 1904 ஆகஸ்ட் 29-ல் பெர்லினில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா வழக்கறிஞர். முதல் உலகப் போருக்குப் போன அப்பா 1916-ல் கொல்லப்பட்டார். பையனுக்கு அப்போது 12 வயதுகூட ஆகவில்லை என்றோ, இப்போதுதான் ஆனது என்றோ சொல்லும் வயது. அதற்குப் பிறகு அம்மாதான் எல்லாம்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். படிக்கிற காலத்தில் ஒரு பழைய படம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. 1861 வாக்கில் பிரான்சில் ஷோவோ, மாரே என்ற இருவர், ஒரு குதிரையின் கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரைக்கு முடியும் என்றால் மனிதருக்கு ஏன் முடியாது?

அன்று இதயம் நின்றுபோகும் நிலையில் உள்ளவர்களுக்கு நெஞ்சில் நீளமான ஊசியைக் குத்தி நேரடியாக இதயத்தில் மருந்து போடுவார்கள். அந்த ஊசி இதயத்தின் ரத்தக் குழாயைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு. கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோனால் அந்த ஆபத்து இல்லையே என்று யோசித்தார். இதயத்தின் பாய்ச்சலை அளக்கிற யோசனை முதலில் அவருக்கு இல்லை. சாகக்கிடக்கிறவருக்கு மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1929 கோடை

படிப்பு முடித்து, பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்ட நகரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். தலைமை டாக்டர் ரிச்சர்ட் ஷ்னைடர் குடும்பத்துக்குத் தெரிந்தவர். ஃபோர்ஸ்மான் தன் யோசனையைச் சொல்லி அனுமதி கேட்டார். நோயாளிகளிடம் செய்யக் கூடாது என்றார் தலைமை டாக்டர். அப்படியானால் என் மேலேயே செய்துகொள்கிறேன் என்றபோதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே கணவரை இழந்த ஒரு தாயிடம் மகனும் போய்விட்டான் என்று சொல்லும் நிலை தனக்கு வரக் கூடாது என்று அவர் பயந்தார்.

முதல் முயற்சியில் பீட்டர் ரோமைஸ் என்ற சக டாக்டர் உதவினார். குழாய் 35 சென்டிமீட்டர் உள்ளே போனதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நிறுத்திவிட்டார். ஃபோர்ஸ்மான் விடவில்லை.

அடுத்து நடந்ததை அவரே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் விவரித்திருக்கிறார். ஆபரேஷன் தியேட்டர் சாமான்களின் சாவி கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. அவரிடம் விஷயத்தைச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றார். அந்தப் பெண்ணோ, சோதனையைத் தன் மேல் செய்யுங்கள் என்று முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேசையில் படுக்கவைத்து, கை கால்களைக் கட்டி, கையில் மருந்தும் தடவினார். பிறகு அவர் பார்க்காதபடி, தன் இடது முழங்கைப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, நரம்பைத் திறந்து குழாயை உள்ளே தள்ளினார். அது சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படுத்துகிற 65 சென்டிமீட்டர் குழாய். இதயத்துக்கென்று ஒரு குழாய் அன்று உலகத்திலேயே கிடையாது.

பாதி தூரம் போனதும் நர்ஸின் கட்டை அவிழ்த்துவிட்டார். தான் ஏமாற்றப்பட்டது தெரிந்து அவருக்குக் கோபம். ஆனாலும் உதவினார். கையில் குழாய் தொங்க, இருவரும் படியிறங்கிக் கீழ்த்தளத்தில் இருந்த எக்ஸ்-ரே அறைக்குப் போனார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த ரோமைஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஃபோர்ஸ்மான் உதைத்துத் தள்ளினார். எக்ஸ்-ரே திரையை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடியே குழாயை மேலும் தள்ளினார். உள்ளே ஒரு சூடு பரவியதும் லேசாக இருமல் வந்ததும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குழாயின் நுனி இதயத்தின் வலது பக்கத்துக்குள் நின்றது. அந்த நிலையில் எக்ஸ்-ரே படம் எடுக்கச் சொன்னார். இதயம் நிற்கவில்லை.

அந்த முதல் நோயாளி

இந்தச் சாகசத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்து நடந்ததை விட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குள் சீழ் பரவி, காப்பாற்ற வழியில்லை என்ற நிலையில் ஒரு நோயாளி அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு ஃபோர்ஸ்மான் இதயம்வரை குழாய் செலுத்தி, அதன் வழியாகக் குளுக்கோஸுடன் அட்ரினலினும் இதயத்துக்கான ஸ்ட்ரோஃபாந்தின் மருந்தும் கொடுத்தார். கொஞ்ச நேரம் நிலைமை தேறியது. பிறகு நோயாளி இறந்துபோனார்.

இன்று சீழ்க்கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிக்கு ஐசியூவில் கழுத்து நரம்பில் குழாய் போட்டு, இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் தாங்கிப்பிடிக்க மருந்து ஏற்றுகிறோமே, அதன் முன்னோடி இது. அதன் எல்லையும் அன்றே தெரிந்துவிட்டது. இதயத்துக்கு முட்டுக் கொடுக்கலாம். வயிற்றில் இருக்கும் சீழ் அப்படியே இருந்தால் அந்த முட்டு நிற்காது.

பாராட்டு வரவில்லை, வேலையும் போனது

1929 நவம்பரில் ஃபோர்ஸ்மானின் கட்டுரை வெளியானது. பெர்லினின் பெரிய ஆஸ்பத்திரியான ஷாரிட்டேயில் அப்போது அவர் சேர்ந்திருந்தார். அங்கே அறுவை சிகிச்சையில் கொடிகட்டிப் பறந்த ஃபெர்டினாண்ட் சாவர்ப்ரூக்குக்கு இது வித்தைக்காரன் வேலையாகத்தான் பட்டது. பத்திரிகைகளில் பரபரப்பு, இன்னொரு டாக்டர் இதை நான் முன்பே செய்தேன் என்று கிளப்பிய சர்ச்சை. ஃபோர்ஸ்மானுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

அவர் மேலும் சில முறை தன் மேலேயே சோதனை செய்தார். இதயத்தைப் படத்தில் தெளிவாகக் காட்டும் திரவத்தைக் குழாய் வழியாகச் செலுத்திப் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரகத் துறைக்குப் போய்விட்டார். 1933-ல் எல்ஸ்பெட் எங்கல் என்ற டாக்டரைத் திருமணம் செய்துகொண்டார். ஆறு பிள்ளைகள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1932-ல், ஃபோர்ஸ்மான் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். போர் முடியும்வரை அதில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக வேலை பார்த்து, அமெரிக்கப் படையிடம் போர்க் கைதியானார். விடுதலைக்குப் பிறகும், கட்சியில் இருந்த காரணத்தால் சில ஆண்டுகள் டாக்டர் வேலை பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கருங்காடு மலைப் பகுதிக் கிராமமொன்றில் மனைவி வைத்தியம் பார்த்த வருமானத்தில் குடும்பம் ஓடியது. மரம் வெட்டியும் பிழைத்தார். 1950-லிருந்து பாட் க்ராய்ட்ஸ்நாக் என்ற சிறு ஊரில் சிறுநீரக டாக்டர். துணிச்சலான கண்டுபிடிப்பு ஒருவரை எல்லாவற்றிலும் சரியானவராக ஆக்கிவிடாது.

நியூயார்க்கில் முளைத்த விதை

கரிசலில் விதைத்த விதை மழைக்காக மண்ணுக்குள்ளேயே காத்துக்கிடக்கும். ஃபோர்ஸ்மானின் கட்டுரைக்கும் அப்படித்தான் ஆனது. நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் ஃபிக்கின் கணக்கை மனிதரில் செய்து பார்க்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்ஸ்மானின் வழி அவர்களுக்குக் கிடைத்தது. 1941-ல் அவர்கள் குழுவின் முதல் முடிவுகள் வெளியாகின. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து ரத்தம் எடுத்து, பாய்ச்சலைக் கணக்கிட்டார்கள்.

அது போர்க்காலம். அடிபட்டு, ரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களை அதே முறையில் அளந்து பார்த்தார்கள். ரத்தம் குறைந்ததால் இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, அதனால் அது வெளியே தள்ளுவதும் குறைகிறது என்பது எண்களாகத் தெரிந்தது. வெறுமனே பிரஷரை ஏற்றினால் போதாது, இழந்த ரத்தத்தை ஈடுகட்ட வேண்டும் என்பது தெளிவானது. நான்குவழிச் சாலை விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு இன்று உடனே ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்வதற்குப் பின்னால் அந்த அளவீடுகளும் இருக்கின்றன.

1956 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கூர்னான், ரிச்சர்ட்ஸ், ஃபோர்ஸ்மான் மூவருக்கும். சிறு ஊரில் சிறுநீரகம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒரே நாளில் உலகச் செய்தியானார். ஆனால் இதய ஆராய்ச்சிக்கு அவர் திரும்பவில்லை. கால் நூற்றாண்டில் துறை எங்கோ போய்விட்டது, இனி அதைப் பிடிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. 1958-ல் டூசல்டார்ஃப் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சைத் தலைவரானார். 1979 ஜூன் 1-ல் ஷோப்ஃபைம் என்ற ஊரில் இறந்தார். மாரடைப்பும், அதைத் தொடர்ந்த இதயச் செயலிழப்பும் காரணம்.

எல்லாருக்கும் குழாய் போட்ட காலம்

ஃபோர்ஸ்மானின் குழாயை எக்ஸ்-ரே பார்த்துத்தான் செலுத்த முடியும். படுக்கையில் கிடக்கிற சீரியஸ் நோயாளிக்கு அது கஷ்டம். 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். கடலில் பாய்மரப் படகுகள் காற்றில் நகர்வதைப் பார்த்தபோது ஸ்வானுக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். குழாயின் நுனியில் ஒரு குட்டிப் பலூன். ரத்த ஓட்டமே அதை இழுத்துக்கொண்டு இதயம் தாண்டி நுரையீரல் தமனிக்குள் கொண்டுபோய்விடும். குளிர்ந்த திரவத்தைக் குழாய் வழியாகச் செலுத்தி, நுனியில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று பார்த்தால் பாய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு பணக்கார நாடுகளின் ஐசியூக்களில் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தக் குழாய் போடப்பட்டது. எண் தெரிந்தால் உயிர் பிழைக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். 1996-ல் அமெரிக்காவில் 5,735 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. குழாய் போட்டவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. 2005-ல் முடிவு வெளியான, பிரிட்டனில் 65 ஐசியூக்களில் நடந்த சோதனையில், குழாய் போட்டாலும் போடாவிட்டாலும் பிழைப்பவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியவில்லை.

குழாய் காட்டும் எண் பொய் இல்லை. அளப்பது மட்டும் வைத்தியமாகாது, அவ்வளவுதான். அளந்த பிறகு என்ன செய்கிறோம், அது அந்த நோயாளிக்குப் பொருந்துமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்று இந்தக் குழாய் குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு எக்கோ கருவியை நெஞ்சில் வைத்தாலே இதயம் எப்படிச் சுருங்குகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று ஓரளவுக்குப் பார்த்துவிடலாம்.

கரிசக்காட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கரிசல் மண்ணைப் பற்றி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் ஒரு சாண் தோண்டினால் ஈரம் இருக்கும். மேலே நனைந்திருந்தாலும் உள்ளே பதம் இல்லாமலும் போகலாம். அதனால்தான் விதைக்கும் முன் கையை விட்டுப் பார்க்கிறார்கள். சீரியஸ் நோயாளியிடமும் டாக்டர்கள் அப்படிக் கையை விட்டுப் பார்க்கிற வழிகள் உண்டு. பெரிய மெஷின் தேவையில்லை.

ஒன்று, கால்களைத் தூக்கிப் பார்ப்பது. படுத்திருப்பவரின் கால்களை 45 டிகிரிக்கு உயர்த்தினால், கால்களில் உள்ள சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்கு வரும். அப்போது பாய்ச்சல் கூடினால், டிரிப்ஸ் ஏற்றினால் பலன் இருக்கும் என்று அர்த்தம். கூடவில்லையென்றால் மேலும் மேலும் டிரிப்ஸ் ஏற்றுவது நுரையீரலில் நீர் கோக்கத்தான் வழிவகுக்கும். கால்களைக் கீழே இறக்கிவிட்டால் ரத்தம் பழைய இடத்துக்கே போய்விடும். ஏற்றிய டிரிப்ஸை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

இரண்டு, விரல் நுனி. விரலை அழுத்திப் பிடித்து விட்டால் வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தாமதமானால் ரத்தம் நுனிவரை போய்ச்சேரவில்லை. 2019-ல் வெளியான ஒரு ஆய்வில், தென் அமெரிக்க நாடுகள் ஐந்தில் 28 ஐசியூக்களில் 424 நோயாளிகளிடம் இதைச் சோதித்திருந்தார்கள். ரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை தருவதோடு விரலைப் பார்த்துச் சிகிச்சை தருவதை ஒப்பிட்டார்கள். விரலைப் பார்த்த குழுவில் இறப்பு 35 சதவீதம், மற்றதில் 43 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் விரல்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் காசு செலவில்லாத அந்தச் சோதனை, லாக்டேட் பரிசோதனைக்குக் குறைந்ததில்லை என்று நம்ப இடமிருக்கிறது.

மூன்றாவது, சிறுநீர். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று டாக்டர்கள் சந்தேகப்படுவார்கள்.

கோடையில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தேள்கடி இன்னொரு ஆபத்து. செந்தேளின் விஷம் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைத் திணறவைத்து, நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். மகாராஷ்டிரக் கிராமப்புறத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இதற்குக் கேட்கும் என்று 1980-களில் காட்டினார். ஓஸ் வாயிலிருந்து விரலை எடுப்பது போலத்தான் அது. இதயத்துக்கு எதிரே இருக்கிற அடைப்பு தளர்ந்தால் பாய்ச்சல் தானாகக் கூடும். கடித்த பிறகு மந்திரிக்கப் போகாமல், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

வாசலில் இருக்கிறவர்கள் என்ன கேட்கலாம்?

ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பிரஷர் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். கை கால் சூடாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா, எக்கோவில் இதயம் எப்படி இருக்கிறது, மூல காரணத்துக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. அடைப்பு இருந்தால் அதை நீக்க வேண்டும், சீழ் இருந்தால் எடுக்க வேண்டும், ரத்தம் போயிருந்தால் ஏற்ற வேண்டும். மற்ற மருந்தெல்லாம் அதுவரை தாங்கிப்பிடிக்கத்தான்.

வீட்டில் யாருக்காவது கை கால் சில்லிட்டு, வியர்த்து, பேச்சு குழறி, சிறுநீர் குறைந்தால், பிரஷர் மெஷின் நல்ல எண் காட்டினாலும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஃபோர்ஸ்மான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே குழாயைத் தள்ளிய அந்த நாளில், அது எங்கே போய்ச்சேரும் என்று அவருக்கும் தெரியாது. எபர்ஸ்வால்ட நகர ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர்தான். அவர் முதலில் குழாய் செலுத்திய அந்த நோயாளியின் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் தேறிப் பிறகு இறந்துபோன அவர் கற்றுக்கொடுத்த பாடம் இன்றும் ஒவ்வொரு ஐசியூவிலும் தேவைப்படுகிறது.